உள்ளத்திற்கும் உணவு வேண்டும்

(ஒரு ரப்பர் தோட்டத்து மண்டபத்தில், சிறு வாசிப்பு அறை ஒன்று திறக்கப்பெற்ற நாளில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தோட்டத்தில் வாழ்வோர்க்கு ஞாயிற்றுக்கிழமை மாலை எத்துணை அருமையான பொழுது என்பதை நாம் அறிவோம். துணி துவைத்து, சந்தைக்குச் சென்று திரும்பி, பிள்ளைகளின் பள்ளிச் சீருடையைத் தேய்த்து, மறுநாள் வேலைக்கு உளியைத் தீட்டி வைக்க வேண்டிய நேரம் இது. அந்த நேரத்தை ஒதுக்கிவிட்டு இத்தனை பேர் இங்கு வந்து அமர்ந்திருக்கிறீர்கள். ஆதலின் நம் பேச்சு நீளாது என்று முதலிலேயே உறுதி கூறுகிறோம். பேச்சாளர்கள் எல்லாரும் இவ்வாறு கூறுவதுண்டு, காப்பாற்றுவோர் சிலரே. முயன்று பார்ப்போம்.

உங்களுக்கு நன்கு தெரிந்த ஒன்றிலிருந்தே தொடங்குவோம். பால்மரம் நம் நாட்டு மரமன்று. தென் அமெரிக்காவின் அமேசான் காடுகளே அதன் தாயகம். அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்ட விதைகள் லண்டன் கியூ பூங்காவில் முளைக்க வைக்கப்பட்டன. அக்கன்றுகளில் சில 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. பல ஆண்டுகள் அவற்றை ஏறெடுத்துப் பார்ப்பார் இல்லை. 1888ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்பவரே, இம்மரத்தை நடுங்கள், நடுங்கள் என்று தோட்ட முதலாளிகளிடம் ஓயாமல் கூறி வந்தார். அவர்கள் அவருக்குப் பைத்தியக்கார ரிட்லி என்று பட்டப்பெயர் சூட்டினர்.

அமேசான் காட்டில் பால் எடுத்தவர்கள் மரத்தைக் கோடரியால் கொத்தியே எடுத்தனர். கொத்து மரத்தின் உட்பகுதி வரை இறங்கிக் காயமாகும். மரம் விரைவில் கெட்டுப்போகும். ரிட்லியோ, பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவி, அடுத்த முறை அதே கோட்டின் ஓரத்தில் இன்னும் ஒரு மெல்லிய சீவல் எடுத்தால் மரம் கெடாமல் பால் தந்துகொண்டே இருக்கும் என்று கண்டார். சீவிய இடத்தில் மறுபட்டை வளரும். சில ஆண்டுகளில் அப்பட்டையையும் சீவலாம். ஒரு மரம் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பயன் தருவது இம்முறையாலேயே ஆகும்.

இதை உங்களுக்குச் சொல்லித்தர நாம் வரவில்லை. உளி எந்த ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதை உங்கள் விரல்கள் இருட்டிலேயே அறியும். ஆயினும் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மரத்துக்கு ஓய்வு தருவது ஏன்? பால் மிகுதியாக வேண்டும் என்ற ஆசையால் ஓய்வின்றி நாள்தோறும் சீவினால், ஒரு நாள் அந்த மரம் பாலையே நிறுத்திவிடும். பட்டை வறண்டுவிடும். வெளித்தோற்றத்தில் மரம் பச்சையாகவே நிற்கும். இலை உதிர்க்கும், துளிர்க்கும். மங்கில் மட்டும் ஒரு சொட்டு விழாது.

மனிதன் உள்ளமும் இத்தகையதே என்பது நம் கருத்து. உடல் உழைப்பு உள்ளத்திலிருந்தும் எடுத்துக்கொண்டே இருக்கிறது. குடும்பக் கவலை எடுக்கிறது, கடன் எடுக்கிறது, மழை பெய்து வேலை நின்ற நாட்களின் சம்பளக் குறைவு எடுக்கிறது. எடுத்த இடத்தில் மறுபட்டை வளர எதையேனும் கொடுத்தோமா என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்வதில்லை. வயிற்றுக்கு மூன்று வேளை தருகிறோம். உள்ளத்துக்கு என்ன தருகிறோம்?

முற்காலத்தில் பலர் அதற்குக் கள்ளைத் தந்தனர். அது பற்றி இன்று நீட்டிப் பேச வேண்டியதில்லை. அதனால் அழிந்த குடும்பங்களை இங்கு அமர்ந்திருக்கும் மூத்தோர் கண்ணால் கண்டிருப்பர். 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வு மட்டுமே அவர்கள் கோரிக்கையாக இருக்கவில்லை. கள்ளுக்கடையை மூடுங்கள், பிள்ளைகளுக்கு முறையான கல்வி தாருங்கள் என்பனவும் அவர்தம் கோரிக்கைகளில் இருந்தன. உழைப்பாளி தன் உள்ளத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை என்று யார் கூற முடியும்? அவ்வியக்கத்தில் முன்னின்ற ஆர். எச். நாதன் தமிழ் நேசன் நாளிதழின் ஆசிரியர் குழுவில் பணியாற்றியவர் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

நாளிதழ் என்றதும் ஒரு காட்சி நம் மனக்கண்ணில் தோன்றுகிறது. நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் ஐம்பது, அறுபது குடும்பங்களுக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு தமிழ் நாளிதழ். அதுவும் ஒரு நாள் பிந்தியே வரும். மாலையில் கோயில் திண்ணையில் பள்ளி ஆசிரியரோ, எழுத்தறிந்த ஓர் இளைஞரோ அதை உரக்கப் படிப்பார். மற்றவர்கள் வெற்றிலையை மடித்துக்கொண்டு கேட்டிருப்பர். இடையில் ஒருவர் "ஐயா, அந்த இடத்தை இன்னொரு தரம் படியுங்கள்" என்பார். படிப்பு நின்று வாதம் தொடங்கும். வாதம் முடிந்து மறுபடியும் படிப்பு தொடங்கும். எழுத்தே அறியாத எங்கள் பாட்டனாருக்கு உலகப் போரின் செய்திகளும் இந்திய விடுதலைச் செய்திகளும் இவ்வாறுதான் தெரிந்திருந்தன. அவரைப் படிக்காதவர் என்று கூற நமக்கு நா எழவில்லை. கேட்டுப் படித்தவர் அவர்.

தமிழ் நேசன் 1924ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. தமிழவேள் கோ. சாரங்கபாணி 1935ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தமிழ் முரசைத் தொடங்கினார். இவ்விரு ஏடுகளும் மலாயாத் தோட்டங்களின் திண்ணைகளில் படிக்கப்பெற்றன. சாரங்கபாணி அவர்கள் 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் எனக் குரல் எழுப்பியபோது, "தமிழ் எங்கள் உயிர்" என்னும் பெயரில் ஒரு நிதி திரட்டப்பெற்றது. பல்கலைக்கழகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்குவதற்கான நிதி அது. எளிய தொழிலாளர்கள் தம் கூலியிலிருந்து கொடுத்தார்கள். பல்கலைக்கழக வாசலைக்கூட மிதிக்கும் வாய்ப்பில்லாதவர்கள், தாம் ஒரு போதும் எடுத்துப் படிக்கப்போகாத நூல்களுக்காகக் கொடுத்தார்கள். நாம் பலமுறை இதை எண்ணிப் பார்த்ததுண்டு. அவர்கள் யாருக்காகக் கொடுத்தார்கள்? இங்கே முன்வரிசையில் அமர்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கிறார்களே, இந்தச் சிறுவர் சிறுமியருக்காகத்தான்.

அந்தத் தமிழ் நேசன் இன்று இல்லை. 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது நின்றுவிட்டது. ஓர் ஏடு நிற்பதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆயினும் படிப்பவர் கை சுருங்கினால் எந்த ஏடும் நெடுநாள் வாழாது. நாமும் கடைசி ஆண்டுகளில் அதை ஒழுங்காக வாங்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

சரி, படிப்பதனால் என்ன பயன்? படித்தவர்கள் எல்லாரும் நல்லவராகிவிட்டனரா என்று கேட்பவர் உண்டு. ஆகவில்லைதான். படிப்பு ஒருவனை நல்லவனாக்கும் என்று நாம் உத்தரவாதம் தர மாட்டோம். ஆனால் எங்கள் அன்னையார் கதையை உங்களுக்குச் சொல்லலாம்.

அவர் நாற்பது வயதுக்குப் பின்னரே எழுத்துக் கற்றார். தோட்டத்தில் முதியோர் வகுப்பு நடந்தது. இரவு ஏழரை மணிக்கு, பள்ளிக்கூடத்தில், மண்ணெண்ணெய் விளக்கொளியில். பகலெல்லாம் மரம் சீவி, பால் தூக்கி, ஐந்து பிள்ளைகளுக்குச் சமைத்துப்போட்ட பிறகு, ஒரு கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு செல்வார். முதலில் எண்களைக் கற்றார். ஒரு மாதக் கடைசியில் சம்பளச் சீட்டை வாங்கி வந்து விளக்கருகே வைத்து விரல் விட்டு எண்ணினார். அவர் வேலை செய்த நாட்களில் ஒன்று சீட்டில் விடுபட்டிருந்தது. மறுநாள் காலை, தலைத்துண்டைக் கழற்றாமலே அலுவலகப் படியேறி, "ஐயா, ஒரு நாள் குறைகிறது" என்றார். செக்ரோலைப் புரட்டிப் பார்த்தார்கள், திருத்தினார்கள். அதற்கு முன் எத்தனை மாதம், எத்தனை நாள் விடுபட்டதோ, யார் கண்டார்? வேண்டுமென்று செய்யப்பட்டது என்று நாம் கூறவில்லை. எழுதுபவர்க்கும் கை தவறும். ஆனால் படிக்கத் தெரியாதவரிடத்தில் அத்தவறு தவறாகவே நிலைத்துவிடுகிறது.

அன்னையார் அத்துடன் நிற்கவில்லை. மருந்துப் புட்டியைப் படித்தார். பள்ளியிலிருந்து வந்த கடிதத்தைப் படித்தார். பின்னர் எங்கள் பாடநூல்களில் உள்ள கதைகளைப் படித்தார். இறுதிக் காலத்தில் கண் மங்கிய பிறகு, பேரப்பிள்ளைகளை அருகில் அமர்த்தி நாவல்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். சம்பளச் சீட்டில் தொடங்கியது அந்தப் படிப்பு. பயனுக்காகத் தொடங்கி இன்பத்தில் போய் முடிந்தது.

எவற்றைப் படிப்பது என்று இளைஞர்கள் நம்மிடம் கேட்கிறார்கள். முதலில் உங்களைப் பற்றியே படியுங்கள் என்போம். நம் தோட்டத்து வாழ்வு எழுதப்படாத வாழ்வு அன்று. தமிழக எழுத்தாளர் அகிலன் 1970களில் இந்நாட்டுக்கு வந்து தோட்டங்களைப் பார்த்துச் சென்று எழுதிய "பால்மரக் காட்டினிலே" என்னும் நாவல் உண்டு. ஆயினும் நம் மண்ணிலேயே பிறந்து, நம் வியர்வையின் வாடை அறிந்தவர்கள் எழுதியவற்றை இன்னும் நெருக்கமாக உணர்வீர்கள். ஜப்பானியர் ஆட்சியில், 1942, 1943ஆம் ஆண்டுகளில், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் மக்கள் பிடித்துச் செல்லப்பட்டனர். பல்லாயிரவர் திரும்பவில்லை. ஆர். சண்முகம் அவர்களின் "சயாம் மரண இரயில்", அ. ரெங்கசாமி அவர்களின் "நினைவுச் சின்னம்" ஆகிய நாவல்கள் அத்துயரத்தைச் சொல்பவை. இங்கிருப்போரில் யாருடைய பாட்டனார் அந்தப் பாதைக்குச் சென்று திரும்பாதவர் என்று கேட்டால், சில கைகள் உயரும் என்றே நினைக்கிறோம். அக்குடும்பங்களில் ஒரு நிழற்படமும் இல்லாமல் இருக்கலாம். அந்நாவல்களையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றை வாங்கப் பணம் வேண்டுமே என்று தயங்க வேண்டா. இவ்வறையில் சில நூல்கள் உள்ளன. இன்னொன்றும் உண்டு. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியே ஒரு நூலகம் ஆகும். 1998ஆம் ஆண்டு தைப்பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், உலகெங்கும் உள்ள தமிழ் ஆர்வலர்களின் கூலியில்லா உழைப்பால் பழந்தமிழ் நூல்களையும் பிற்கால நூல்களையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. சிங்கப்பூர்த் தேசிய நூலகம் பழைய தமிழ் முரசு இதழ்களைப் பக்கம் பக்கமாக இணையத்தில் ஏற்றியிருக்கிறது. உங்கள் பாட்டனார் திண்ணையில் கேட்ட அதே செய்தியை, அதே எழுத்துருவில், நீங்கள் இன்று பார்க்கலாம். ஒரு காசு செலவில்லை. இணையத் தொடர்பு ஒன்றே வேண்டும். அது நம் தோட்டத்தில் மலைப்பக்கத்து லயங்களில் சரியாகக் கிடைப்பதில்லை என்பதையும் நாம் அறிவோம். இப்பொழுதே யாரோ தலையசைக்கிறார்.

இனி இசைக்கு வருவோம்.

விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தோட்டம் எப்படி இருக்கும் என்று பட்டணத்தாருக்குத் தெரியாது. தலைவிளக்கின் வட்டத்துக்கு அப்பால் ஒன்றும் புலப்படாது. பனி சொட்டும். கொசு மொய்க்கும். அந்த இருளில் நிரைக்கு நிரை ஆட்கள் பிரிந்து நிற்பார்கள். அப்பொழுது ஒருவர் பாடுவார். அடுத்த நிரையில் ஒருவர் எடுத்துக்கொடுப்பார். பாட்டு வந்தால் ஆள் நலமாக இருக்கிறார் என்று பொருள். பாட்டு நின்றால் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். பாம்புக்கும் காட்டுப் பன்றிக்கும் அஞ்சிய மனத்துக்கு அப்பாட்டே துணை. எங்கள் தந்தையாருக்கு நல்ல குரல் வாய்க்கவில்லை. ஆயினும் அவர் பாடாத காலை இல்லை. கேட்டவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

அப்பாடல்களில் பல தமிழகத்திலிருந்து கப்பலில் வந்தவை. சில இம்மண்ணிலேயே பிறந்தவை. கங்காணியும் கித்தாவும் கப்பல் பயணமும் அவற்றில் வரும். எழுதி வைப்பார் இன்மையால் எத்தனையோ பாடல்கள் பாடியவரோடு மறைந்தன. இந்நாட்டுத் தமிழ்க் கவிதைகளை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுப் பரப்பிலிருந்து தேடித் தொகுத்து, முரசு நெடுமாறன் அவர்கள் "மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்" என்னும் பெருநூலை 1997ஆம் ஆண்டில் வெளியிட்டார். கவிதைகளுக்கு அவ்வாறு ஒருவர் கிடைத்தார். உங்கள் பாட்டிமார் பாடும் தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் நீங்களே அத்தகையவர் ஆகலாம். கைப்பேசியில் பதிவுப் பொத்தான் ஒன்று இருக்கிறது. இன்றிரவே பாட்டியை உட்காரவைத்துப் பாடச் சொல்லி அழுத்துங்கள். "எனக்கு என்ன தெரியும், போடா" என்பார். இரண்டு முறை கேட்டால் பாடுவார்.

வானொலியின் பங்கையும் மறக்கலாகாது. மலாயா வானொலி 1946ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொடங்கப்பெற்றது. அதன் தமிழ் ஒலிபரப்பே வழிவழி வந்து இன்று மின்னல் பண்பலையாக ஒலிக்கிறது. வானொலிப் பெட்டி ஒரு லயத்தில் ஒரு வீட்டில் மட்டும் இருந்த காலத்தில், அவ்வீட்டார் அதைச் சன்னலில் தெருவை நோக்கி வைப்பார்கள். பக்திப் பாடலும் நாகூர் ஹனிபாவின் குரலும் திரைப்பாடலும் எல்லா வீட்டுக்கும் பொதுவாயின. ஹனிபாவின் பாடலைக் கேட்க எந்த வீட்டாரும் தம் சமயத்தைப் பார்த்ததில்லை. தேவாலயத்துக் கீதங்களையும் அவ்வாறே கேட்டோம்.

இளைஞர்களின் உருமி மேளத்தைப் பற்றிச் சிலர் நம்மிடம் குறைப்படுகிறார்கள். அது வெறும் இரைச்சல், பிள்ளைகளைக் கெடுக்கிறது என்கிறார்கள். நமக்கு அதில் உடன்பாடில்லை. உருமியும் பறையும் நம் முன்னோர் கொண்டுவந்த கருவிகள். தோலை இழுத்துக் கட்டி, சூடு காட்டி, தாளம் தவறாமல் இரண்டு மணி நேரம் வாசிக்க ஒரு பையன் கற்றுக்கொண்டால், அவன் பொறுமையையும் கட்டுப்பாட்டையும் கற்றுக்கொண்டான் என்றே பொருள். கருவியின் மேல் குற்றமில்லை. நள்ளிரவுக்குப் பின்னும் ஒலிபெருக்கியை அலறவிட்டு, மறுநாள் தேர்வெழுதும் பிள்ளையையும் நோயாளியையும் நான்கு மணிக்கு எழ வேண்டிய தொழிலாளியையும் வாட்டுவதே குற்றம். திருவிழாக் குழுவினர் இங்கே இருக்கிறார்கள். நாம் இதைச் சொல்வோம் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். பிள்ளைகள் தேவார வகுப்புக்கும் போகட்டும், உருமியும் அடிக்கட்டும். மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் திருமுறை ஓதும் விழாவில் தோட்டத்துப் பிள்ளைகள் மேடையேறிப் பாடக் கண்டிருக்கிறோம். ஒரு கை தாளமிடும். மறு கை நடுங்கும். அந்த நடுக்கத்தை வென்ற பிள்ளை பிற்காலத்தில் நேர்காணலுக்கு அஞ்சாது.

காதில் ஒலிக்குமிழைப் பொருத்திக்கொண்டு மரம் சீவுவோரிடம் ஒரு வேண்டுகோள். இரண்டு காதையும் அடைத்துவிட்டால், ஒடிந்து விழும் கிளையின் ஓசையும் சருகில் ஊரும் பாம்பின் ஓசையும் கேளா. முன்பு பாட்டு அடுத்த நிரைக்குக் கேட்டது; இன்று பாட்டு ஒரு காதுக்குள் அடங்கிவிட்டது. மோட்டார் சைக்கிளில் செல்லும்போது இரண்டு காதுகளும் திறந்தே இருத்தல் வேண்டும். இது பற்றி மேலும் விளக்கத் தேவையில்லை.

இப்போது நாம் கூற வந்தவற்றுள் கடினமான பகுதிக்கு வந்துவிட்டோம். தகவல் இலாகாவின் படக்காட்சி வேன் தோட்டத்துக்கு வந்த நாட்களை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். திடலில் வெள்ளைத் திரை கட்டுவார்கள். பாயை எடுத்துக்கொண்டு எல்லாரும் வந்துவிடுவார்கள். 1963ஆம் ஆண்டு டிசம்பரில் தொலைக்காட்சி நம் நாட்டில் தொடங்கியது. பின்னர் தோட்டத்து மண்டபத்திலும் ஒரு பெட்டி வந்தது. அதுவும் பூட்டிய பெட்டி; குறித்த நேரத்தில் திறந்து குறித்த நேரத்தில் மூடுவார்கள். அன்று படமும் செய்தியும் ஊரை ஒரே இடத்தில் கூட்டின. முடிவு என்று ஒன்று அவற்றுக்கு இருந்தது. இன்று கையில் உள்ள சிறு திரைக்கு முடிவே இல்லை. ஒரு காணொளி முடியுமுன் அடுத்தது வந்து நிற்கிறது. ஒரே வீட்டில் நால்வர் நான்கு மூலையில் நான்கு திரையைப் பார்த்திருக்கிறார்கள். அதை வடிவமைத்தவர்கள் நாம் நிறுத்தாதிருக்க வேண்டும் என்றே வடிவமைத்தார்கள். நம் பொழுதே அவர்கள் வருவாய். ஓய்வு நாள் இல்லாத பால்வெட்டு அது, மரம் நாம்தான்.

நான்கு மணிக்கு எழ வேண்டியவர் நள்ளிரவு வரை திரையைப் பார்த்தால் நான்கு மணி நேரமே உறங்குகிறார். வளர்ந்தவர்க்கு ஏழு மணி நேரமேனும் உறக்கம் தேவை என்று மருத்துவர் கூறுவர். கண்ணருகே வைத்த திரையின் ஒளி, உறக்கத்தைத் தூண்டும் உடற்சுரப்பைத் தாமதப்படுத்துகிறது. ஆதலின் படுத்த பின்னும் உறக்கம் வருவதில்லை. உறங்காத கண்ணும் கூரிய உளியும் இருட்டும் ஒன்று சேர்ந்தால் காயம் மரத்துக்கு மட்டும் ஏற்படுவதில்லை. எங்கள் வீட்டில் இப்போது ஒரு வழக்கம் உண்டு. இரவு ஒன்பது மணிக்குக் கைப்பேசிகள் அனைத்தும் சமையலறை அலமாரியின் மேல் ஏறிவிடும். முதல் வாரம் வீட்டில் போர். அதில் முதலில் தோற்றவர் பிள்ளைகள் அல்லர், நாம்தாம்.

ஒரு துயரத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் உறவினர் ஒருவர், முப்பதாண்டுக்கு மேல் மரம் சீவியவர், ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து வங்கியில் வைத்திருந்தார். ஒரு நாள் தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் தம்மைக் காவல்துறை அதிகாரி என்றார். உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது, இன்றே கைது செய்வோம் என்று மிரட்டினார். பணத்தைப் பாதுகாப்பான கணக்குக்கு மாற்றினால் விசாரணைக்குப் பின் திருப்பித் தருவோம் என்றார். யாரிடமும் சொல்லக்கூடாது என்றும் கட்டளையிட்டார். நம் உறவினர் அஞ்சி ஒடுங்கி, பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல், சொன்னபடியெல்லாம் செய்தார். மாலைக்குள் கணக்கு வெறுமையாயிற்று. பணம் போனதைவிட, தாம் ஏமாந்ததைப் பிறர் அறிவார்களே என்ற வெட்கம் அவரை வாட்டியது. பல நாள் சாப்பிடவில்லை. நாங்கள் அறிந்தபோது இரண்டு வாரம் கடந்துவிட்டது.

அன்பர்களே, காவல்துறையோ நீதிமன்றமோ வங்கியோ தொலைபேசியில் பணத்தை மாற்றச் சொல்லாது. கைப்பேசிக்கு வரும் டி.ஏ.சி. எண்ணைக் கேட்காது. "யாரிடமும் சொல்லாதே" என்று ஒருவர் சொன்னால், அப்பொழுதே நான்கு பேரிடம் சொல்லிவிடுங்கள். பணம் போய்விட்டதாக அறிந்தால் வெட்கப்பட்டுக் காலம் கடத்தாமல் உடனே 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள். மோசடிப் புகார்களுக்கென்றே 2022ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற தேசிய மையத்தின் எண் அது. விரைந்து அழைத்தால், பணம் கைமாறுமுன் தடுக்க வாய்ப்புண்டு. இந்த மூன்று இலக்கத்தையும் பிள்ளைகள் இன்று சுவரில் எழுதி ஒட்டப்போகிறார்கள்.

புலனத்தில் வரும் செய்திகளும் அவ்வாறே ஆராயத்தக்கவை. நிறுவைக் கொட்டகையில் உங்கள் வாளிப் பாலை அப்படியே நம்பி வாங்குவதில்லை அல்லவா? மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு எத்தனை பங்கு ரப்பர், எத்தனை பங்கு நீர் என்று பார்க்கிறார்கள். உழைத்துக் கொண்டுவந்த பாலுக்கே இத்துணைச் சோதனை என்றால், எவரோ எங்கிருந்தோ அனுப்பிய செய்திக்கு ஏன் இல்லை? யார் சொன்னது, எப்போது சொன்னது, வேறு எங்கேனும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017ஆம் ஆண்டில் தொடங்கிய செபெனார்ஞா என்ற இணையத்தளத்தில் பல வதந்திகளுக்கு மறுப்பு வெளியிடப்பட்டிருக்கிறது. குறிப்பாக, இனத்தையும் சமயத்தையும் பழித்து வரும் செய்திகள் உங்கள் கையோடு நின்றுவிடட்டும். நம் பக்கத்து லயத்தில் வங்காளதேசத்துத் தொழிலாளரும் இந்தோனேசியத் தொழிலாளரும் இருக்கிறார்கள். நம் பாட்டனார் கப்பலிறங்கியபோது அவரைப் பற்றியும் இப்படித்தான் பேசினார்கள்.

நேரம் ஆகிவிட்டது. வாக்கைக் காப்பாற்றவில்லை என்று தெரிகிறது. பொறுத்தருள்க.

இவ்வறையைப் பற்றிச் சில சொற்கள். அலமாரியில் நூல்கள் உள்ளன; சிலவற்றுக்கு அட்டை கிழிந்திருக்கிறது, ஒட்டிக்கொள்ளலாம். எடுத்துச் செல்வோர் குறிப்பேட்டில் பெயர் எழுதினால் போதும், அபராதம் கிடையாது. சாவி ஆயாக் கொட்டகையின் கதவுக்குப் பின்னால் தொங்கும். ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்கு ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர் கேட்கலாம். அடுத்த வாரம் "நினைவுச் சின்னம்" நாவலின் முதற்பகுதி. படிக்க ஆறாம் ஆண்டு மாணவியர் இருவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மூத்தோர் வெற்றிலைப் பெட்டியுடன் வரலாம். துப்புவதற்கு மட்டும் வெளியே போக வேண்டும். படிப்புக் கண்ணாடி இல்லாதவர்களுக்காக மேசை இழுப்பறையில் மூன்று கண்ணாடிகள் வைத்திருக்கிறோம். போட்டுப் பார்த்துப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள், போகும்போது அங்கேயே வைத்துவிடுங்கள்.